மெக்கரின் கைப்பிடி

கறுப்புப் பெட்டி, பக்கத்தில் மடங்கும் கைப்பிடி, கண்ணாடிக்குள் ஒரு முள். மின்கம்பிகளின் உறை பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர். சுற்றினால் முள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மின்சாரம் எங்கோ கசியப்போகிறது என்று பொருள். வடக்கே ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதைச் சுற்றிச் சுற்றி என் மணிக்கட்டு எந்நேரமும் வலித்துக்கொண்டிருக்கும்.

அது மழைக்காலம். புதிய மோட்டாருக்கு இழுத்த மூன்று பேஸ் கம்பிகளில் சிவப்பும் மஞ்சளும் நன்றாக இருந்தன. நீலத்தில் முள் சுழியை ஒட்டியே கிடந்தது. மறுநாள் பூஜை வைத்து மோட்டாரை ஓட்டுவதாக ஏற்பாடு. எங்கள் சைட் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். பின்னால் வந்து நின்றார்.

"என்னங்க இன்ஜினியரம்மா, கரும்பு மெசினாட்டம் சுத்தறீங்க, ஜூஸ் வருதுங்களா?" ஆட்களுக்கும் புரியட்டும் என்று இந்தியிலும் ஒருமுறை சொன்னார். சிரித்தார்கள். "மழை ஈரமுங்க. பல்பு போட்டாக் காஞ்சிரும். நாளைக்கு முதலாளி தேங்கா உடைக்கறாரு. டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்தப் போட்டுட்டு பஸ்ஸப் புடிங்க."

கட்கி என்ற ஊரின் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அப்பா கைநாட்டு வைத்தே சம்பளம் வாங்கியவர். எங்கள் வீட்டின் முதல் கையெழுத்து என்னுடையது. அதை இதற்குப் போட மனம் வரவில்லை.

"போட மாட்டேன் சார்."

"அப்ப நாளைக்கு வேற ஆளு வருமுங்க." இந்த முறை குரலில் கேலி இல்லை.

பல்பு போட்டுக் காயவைத்தும் முள் அசையவில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தனியே சோதித்தேன். மோட்டார் நன்றாகவே இருந்தது. அப்படியானால் பழுது சுவருக்குள் ஓடும் கம்பியில்தான். அது போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தேன். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலே, பூஜைக்காக அன்று காலை மேனேஜர் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டிய கணபதி படம்.

"படத்தை எடுக்கணும் சார்" என்றேன். ஆட்களின் முகம் மாறியது.  மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைத் தானே இறக்கினார். ஆணியைப் பிடுங்கியபோது அதன் நுனியில் நீல உறையின் துணுக்கு ஒட்டியிருந்தது. மின்சாரம் விட்டிருந்தால் அந்த ஆணியிலும் பாய்ந்திருக்கும்; தினமும் படத்துக்குப் பூ வைக்கப் போகிற கை எல்லாருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். 

புதுக் கம்பி இழுத்தபின், "நீங்க வயரப் புடிங்க, நான் சுத்தறனுங்க" என்றார் மேனேஜர். முள் ஏறியது. கையெழுத்துப் போட்டேன். மழையால் தாமதம் என்றுதான் மறுநாள் முதலாளியிடம் அவர் சொன்னார்.

இன்றைய கருவியில் பொத்தானை அழுத்தினால் போதும், மணிக்கட்டு வலிப்பதில்லை. அலுப்பு மட்டும் போகவில்லை. "மழை ஈரம்தான் மேடம்" என்று சொல்ல ஒவ்வொரு சைட்டிலும் ஒருவர் இருக்கிறார். வாதாடத் தெம்பில்லாத நாட்களிலும் பேனாவைத் திறக்குமுன் சுவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுகிறேன், சாமியை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று.