வயலட்டின் கைகளில் நான் தேடிய பாவம்

முதலில் தம்ளர் கை நழுவி விழுந்தது. பிறகு எழுத்து கோணியது. எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். என் மகள் வயலட்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு மூன்று மாதம் முன்பு தொண்டை வலி என்றாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

கோவில்பட்டியில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவருக்கு நூற்பாலையில் வேலை. சாயங்கால குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் அன்றைய பாவம் ஒன்றை வாய்விட்டு அறிக்கையிட வேண்டும் என்பது நான் வைத்த ஒழுங்கு. சின்னப் பாவத்தைக் கவனியாமல் விட்டால் வேர்பிடித்துவிடும் என்று பயந்தேன். பிள்ளையின் ஆத்துமாவுக்கு நான்தான் காவல் என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஜெபத்தின் நடுவே வயலட் முகத்தைச் சுளித்தாள். நாக்கு வெளியே வந்து போனது. தோள் குலுங்கியது.

"ஆண்டவர் முன்னாலயா வக்கணை காட்டுத?"

"நான் வேணும்னு செய்யலம்மா. தானா வருது."

"ஏட்டி, பொய் வேறயா?"

முழங்காலில் நிறுத்தினேன். அடுத்த நாளும் அப்படியே.

"முழங்கால் போட்டே கெடக்க அவ என்ன ஒட்டகமா? எந்திரிக்கச் சொல்லு" என்றார் கணவர்.

"நீங்க செல்லங் குடுத்துதான் இவ கெட்டுப்போறா" என்றேன்.

நான்காம் நாள் அவளே கண்களை மூடிச் சொன்னாள்: "ஆண்டவரே, வேணும்னுதான் முகத்தைச் சுளிச்சேன். மன்னியும்."

நான் ஸ்தோத்திரம் சொன்னேன். அதை இங்கே எழுதவே கை கூசுகிறது.

அந்த வாரமே சோறு அள்ளிய கை வாய்க்குப் போகாமல் காதருகே போனது. டாக்டரிடம் ஓடினோம். அவர் தம் இரண்டு விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடி, பால் கறப்பதுபோல இறுகி இறுகித் தளர்ந்தது.

"தூங்கும்போது கை ஆடுதா, டீச்சர்?"

"பார்த்ததில்ல, சார்."

"பிள்ளையைக் கண்கொத்திப் பாம்பாப் பாக்குற ஆளுன்னுல்ல அண்ணாச்சி சொன்னாவ?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொரியா (கை, கால், முகத் தசைகள் தாமாகவே துள்ளும் நோய்) என்றார் டாக்டர். ருமாட்டிக் காய்ச்சலின் (தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) விளைவாம். "இவ வேணும்னு செய்யல, டீச்சர். நிறுத்தவும் இவளால ஏலாது. தூங்குனா மட்டுந்தான் அடங்கும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மத்தியானம் அவள் தூங்கினாள். விரல்கள் விரிப்பின்மேல் அசையாமல் கிடந்தன. அவளுக்கு இருந்த ஒரே ஓய்வு அதுதான். அதிகாலை ஜெபத்துக்கென்று அதிலிருந்தும் நான் அவளை உலுக்கி எழுப்பியிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் கைகள் அடங்கின. ஆனால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவேயுள்ள கதவு) பழுதாகிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு. உங்கள் பிள்ளைக்கும் இந்த ஊசி எழுதப்பட்டிருந்தால் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

மூச்சு வாங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். வயலட் சொல்ல மாட்டாள். தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டுச் சுவரோரம் திரும்பி நிற்பாள். உதடு வெளுத்திருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா."

உடம்பில் வருவதை ஒளிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்தப் பாடம் அவள் உயிரையே எடுத்துவிடலாம்.

ஒரு சாயங்காலம் நான் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, என் மகளின் நோயைப் பாவம் என்றேன். அவள் செய்யாத பாவத்தை அவள் வாயால் சொல்ல வைத்தேன். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் கோபத்தையும் பெருமையையும் பார்க்கவில்லை" என்று அறிக்கையிட்டேன்.

நிமிர்ந்தபோது வயலட் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். "நானும் முழங்கால் போடணுமாம்மா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவளை அறிக்கையிடச் சொல்லவில்லை. எனக்குள் கோபம் எழும் இடத்தை மட்டும் காவல் காத்தேன். பல நாள் அதிலும் தோற்றேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. இரவெல்லாம் பெய்த மழையில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொள்ள, ஆலயத்துக்கு நடந்தோம். முதல் மணி அடித்துவிட்டது. பழக்கத்தில் என் கால் வேகமெடுத்தது.

"அம்மா, நில்லுங்க. மூச்சு வாங்குது."

நின்றேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் நெஞ்சின் படபடப்பு என் புஜத்தில் தட்டியது. இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. ஆராதனை தொடங்கும் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் "போலாம்" என்று சொல்லும்வரை நாங்கள் நடக்கவில்லை.