மாப்பிள்ளைக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ

என் நாத்தனார் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டின் முன் அறைதான் ஸ்டுடியோ. ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு, பின்னால் ஒரு வெள்ளைத் திரை, அவ்வளவுதான். பெரும்பாலும் பாஸ்போர்ட் போட்டோதான் வரும். "தாடையை இறக்குங்க, மூச்சை விடுங்க" என்பாள். வந்தவர்கள் தயாராவதற்குள் எடுத்து முடித்திருப்பாள். இந்தத் தெருவில் பாதிப் பேர் அடையாள அட்டையில் மனுஷ முகத்தோடு இருப்பதற்கு அவள்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்வேன். "போதும் அண்ணி, விளம்பரம்" என்று சிரிப்பாள்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஆசையாக ஒரு ஆமை மட்டும் வளர்க்கிறாள். என் வீட்டுக்காரர்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "கூப்பிட்டா திரும்பாது, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வந்துடும், வீட்டையும் முதுகிலேயே கொண்டுவந்திருக்கு. இதைவிட நல்ல வீட்டோட மாப்பிள்ளை எங்க கிடைப்பான்?" என்றார்.

ஒரு நாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளையைக் காணவில்லை. சாக்கடை ஓரம், செடி மறைவு, நிறுத்தியிருந்த வண்டிகளின் அடி, எல்லாம் குனிந்து குனிந்து தேடினோம். நாத்தனார் சாப்பாட்டைத் தொடவில்லை. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டாள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கஷ்டத்தோடு கேட்கும்போது, ஒரு ஆமைக்காக ஆண்டவனைத் தொந்தரவு செய்யலாமா என்று தயங்கினேன். அதையும் படைத்தவர் அவர்தானே என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாளே சேதி வந்தது. அடுத்த தெரு பேக்கரிக்காரர் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒரு ஆமையைப் பிடித்து வைத்திருக்கிறாராம். இருவரும் ஓடினோம்.

மாப்பிள்ளை ஒரு ரொட்டிக் கூடைக்குள் உட்கார்ந்து கீரை தின்றுகொண்டிருந்தது. இவளைப் பார்த்ததும் கழுத்தையாவது நீட்டும் என்று நினைத்தேன். எங்கே!

"தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க" என்றார் பேக்கரிக்காரர். "உங்களுக்கு முன்னாலயே ரெண்டு பேர் வந்துட்டாங்க. ரெண்டு பேரும் என்னோடதுன்னு சத்தியம் பண்றாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்க இது பன் இல்லையே. அடையாளம் காட்டுங்க, எடுத்துட்டுப் போங்க."

நியாயமான பேச்சு. நாத்தனார் கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். மேல் ஓடு, அடி ஓடு, இரண்டு பக்கவாட்டு என்று நாலு கோணமும் ஒரே அட்டையில். ஓட்டில் பெயின்டால் பேர் எழுதச் சொல்லிப் பலர் யோசனை சொன்னதுண்டு. பெயின்ட் ஓட்டுக்கு ஆகாது, திருடுகிறவன் சுரண்டிவிடுவான், அடி ஓடுதான் ஆமைக்கு ஆமை மாறும், அதைப் படம் எடுத்து வைத்தால் போதும் என்று அவள் தீர்மானமாக இருந்தாள்.

பேக்கரிக்காரர் ஆமையைப் பதமாகத் திருப்பிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். முகம் மாறியது.

"இதோட அடியில நீளமா ஒரு கீறல் இருக்கே. போட்டோவில சுத்தமா இருக்கு?"

நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கேட்டோட இரும்புல உரசின கீறல் அது. போட்டோவில நான்தான் அழிச்சேன்."

"ஏன்?"

"பழக்கம் அண்ணே. யார் முகம் வந்தாலும் தழும்பைத் துடைச்சுத் துடைச்சு, கை தானா போயிடுச்சு. அழிக்காத படத்தையும் வச்சுக்கலை."

அவள் கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினாள். அங்கே பேக்கரிக்காரரின் படம் மாட்டியிருந்தது. "அதை எடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"உங்க நெத்தியில அடுப்புத் தட்டு சுட்ட தழும்பு அதுல இருக்கா?"

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, "எனக்கு அப்பவே தெரியும், அது நம்ம ஆளே இல்லைன்னு" என்றாள்.

அவர் விடவில்லை. "அப்படின்னா நீங்க எதை வேணும்னாலும் மாத்துவீங்க. இந்தப் படத்தை எப்படி நம்பறது?"

"கறையை எடுப்பேன், பருவை எடுப்பேன். எலும்பை நகர்த்த மாட்டேன். எத்தனையோ பேர் மூக்கை நேராக்கித் தரச் சொல்லி நின்னிருக்காங்க. ஒருத்தருக்கும் செஞ்சதில்லை. கோவிச்சுக்காதீங்க, உங்க மூக்கு இடது பக்கம் சாயும். படத்திலயும் சாயுதா இல்லையா?"

"நல்லாவே சாயுது" என்றாள் மனைவி.

"அதே மாதிரி அடி ஓட்டுல நடுக்கோட்டைப் பாருங்க. நேரா ஓடாது. கழுத்துப் பக்கம் வலது கட்டம் இடதைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கும். வால்கிட்ட நகத்தளவுக்கு ஒரு துண்டு அதிகமா இருக்கும். அதை நான் தொடலை. ஆனா சீக்கிரம் பாருங்க அண்ணே, ரொம்ப நேரம் கவிழ்த்து வச்சா அதுக்கு மூச்சு முட்டும்."

அவர் ஆமையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மாவு அப்பிய விரலை அந்தக் கோணல் கோட்டின் மேல் ஓட்டினார். பிறகு போட்டோவில் ஓட்டினார். கழுத்தில் ஒரு வளைவு, நடுவில் ஒரு நெளிவு, வாலருகே அந்தக் குட்டித் துண்டு. ஒன்றும் பிசகவில்லை. நிமிர்த்தி அவள் கையில் வைத்தார். "கூட்டிட்டுப் போங்க தங்கச்சி. உங்க ஆளுக்குக் கீரை வாங்கியே கட்டுப்படி ஆகாது."

வாங்கி நெஞ்சோடு அணைத்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்றைக்கே புதுப் படம் எடுத்தாள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, கீறலோடு, கோணல் கோட்டோடு, உள்ளது உள்ளபடி. கால்நடை டாக்டரிடம் போய்த் தோலுக்கடியில் அடையாளச் சிப்பும் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் கடைத்தெருவில் மீன்காரம்மா, "ஆமை கிடைச்சிருச்சாமே, எப்படி அடையாளம் சொன்னீங்க?" என்று கேட்டாள். நாத்தனார் என் காதருகே குனிந்து, "அண்ணி, அவர் மூக்கைப் பத்தி மட்டும் சொல்லாதீங்க, பாவம்" என்றாள்.

சரி என்றுதான் ஆரம்பித்தேன். மூக்கை விட்டுவிட்டுச் சொன்னால் அவள் நேர்மையை எப்படிச் சொல்வது? மூக்கோடுதான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.