இன்பநாதனின் நீல முகக் கடிகாரம்

இன்பநாதன் போசரி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் பாதுகாப்பு அதிகாரி. தாபோடியில் இருந்த அப்பாவின் வீட்டை விற்றதில் பங்கு வந்த நாளிலிருந்து, எந்தக் கடிகாரம் வாங்குவது என்பதே அவருக்கு ஒரே யோசனை. ஒன்று, ஸ்விட்சர்லாந்து மலையூரில் ஒரே ஒரு ஆள் வருஷத்துக்குப் பன்னிரண்டு மட்டும் செய்யும் நீல முகக் கடிகாரம். மற்றது, ஜப்பானில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து கையாலேயே செதுக்குவது.

"பெரிய கம்பெனி வாட்ச்சை எவன் வேணா கட்டுவான். இது உசிரைக் குடுத்துச் செஞ்சது" என்று சோற்றுத் தட்டின் முன்னால் ஆறு மாதம் பேசினார்.

மனைவி மில்ட்ரெட்டுக்குப் பொறுக்கவில்லை. "நீலத்தையே வாங்கித் தொலைங்க. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து செஞ்சா சண்டையிலயே பாதி நாள் போயிரும்."

நீலம் வந்தது. திங்கட்கிழமை, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போனார். வாசலில் நின்ற காவலாளி தினேஷ் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினான்.

"சாப், வாட்ச்."

தலைக்கு மேலே பலகை: மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தோடு உள்ளே வரக் கூடாது. கீழே இன்பநாதனின் கையெழுத்து. பதினெட்டு வருஷமாக ஊரார் கையையெல்லாம் பார்த்துக் கழற்ற வைத்தவருக்கு, தன் கை ஏன் இத்தனை நாள் வெறுமையாக இருந்தது என்பது மறந்தே போயிருந்தது.

நீல முகம் நாள் முழுக்க டப்பாவில், முந்நூறு ரூபாய் வாட்ச்சுகளோடு படுத்துக் கிடந்தது.

சாயங்காலம் வீடு வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு, அடுக்களையில் மில்ட்ரெட்டின் முன்னால் கையை நீட்டினார். அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கழட்டி வச்சிட்டு வந்து அந்த மீனைக் கழுவுங்க."