படையல் இலையில் நூடுல்ஸ்

அப்பாவின் முதல் வருஷப் படையலுக்கு என்னென்ன சமைக்க வேண்டும் என்று என் தம்பி பெங்களூரிலிருந்து போனில் உத்தரவு போட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, வடை. பிராந்தி பாட்டிலை அவனே கொண்டு வருவானாம். அப்பா பிராந்தியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. அதுகூடத் தெரியாதவன் இலையில் என்ன வைக்கலாம் என்று எனக்குச் சொல்கிறான்.

"நூடுல்ஸும் வைக்கப்போறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "இன்னாக்கா நீ, அவுரு இன்னா சின்னப் புள்ளையா? அப்பாவுக்கு அதெல்லாம் புடிக்காதே."

போனை வைத்துவிட்டேன். பிடிக்காதுதான். அதை நான் மறுக்கவில்லை. தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறிய மனுஷன். களியும் கறிக்குழம்பும் இருந்தால் வேறெதுவும் கேட்க மாட்டார்.

அவர் அந்தச் சீன நூடுல்ஸைக் கற்றுக்கொண்டதே இவனுக்காக. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை வீட்டுக்கு வந்தவன், கொத்துக்கறியைக் கறுப்பாக வதக்கி மேலே போட்ட நூடுல்ஸை ஏதோ ஹோட்டலில் சாப்பிட்டதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். "வீட்டுச் சோறு இப்பல்லாம் எறங்கவே மாட்டேங்குதுப்பா" என்று வேறு சொன்னான். எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லைனில் ஒருவர் பெங்களூரில் சீன ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். அப்பா அவரைப் பிடித்துப் பக்குவம் கேட்டு, கறுப்புச் சோயா விழுது ஒரு பாட்டிலும் வாங்கி வரச் சொல்லிவிட்டார்.

கறியைக் கடை மெஷினில் அரைக்க விடமாட்டார், பிசுபிசுத்துப் போகுமாம். பலகையில் வைத்துக் கத்தியாலேயே கொத்துவார். ஈரம் வற்றும்வரை எண்ணெயில் வதக்கி, இஞ்சி, பூண்டு, விழுது, கொஞ்சம் சர்க்கரை போட்டு, எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில் விடுவார். வெள்ளரிக்காயைக் குச்சி குச்சியாக நறுக்கித் தனியே வைப்பார். நூடுல்ஸை மட்டும் கடைசியில்தான் வேக வைக்க வேண்டும். ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் வந்து நிற்கிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். தம்பி வருகிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் காத்திருந்து, சத்தம் கேட்டதும் போடுவார். தம்பி நடந்து வந்து கைகால் கழுவுவதற்குள் வெந்து, பச்சைத் தண்ணீரில் அலசித் தட்டுக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ரயில் வரும். தம்பி வரமாட்டான். கொஞ்ச நேரம் கழித்து போன் வரும். மீட்டிங், தலைவலி, ஃப்ரெண்டு கல்யாணம். அதற்குள் நூடுல்ஸ் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். அதை நானும் அப்பாவும் மாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு தின்போம். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்குவார்.

"அவங்கிட்ட சொல்லாதம்மா, மனசு கஷ்டப்படுவான்" என்பார்.

யாருடைய மனசு? கார்மென்ட்ஸ் வேலைக்காக நான் தினமும் பெங்களூருக்குப் போய் வருகிற அதே தூரம்தான். விடியும் முன் எழுந்து, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறேன். இந்தத் துரையால் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிற வண்டியில் உட்கார்ந்து வர முடியவில்லை. அப்பா சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைப்பார்கள். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். பிறகு கதவைத் திறந்ததும் மகன்தான் முதலில் அந்த இலையிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். எனக்கு அந்தக் கடைசிச் சடங்குதான் வேண்டியிருந்தது. அப்பா இவனுக்காகச் செய்ததை ஒரு வாயாவது இவன் தின்ன வேண்டும். தின்னவைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

படையலுக்குக் காரிலேயே வந்து இறங்கினான். அப்பா இருந்தவரை இந்தப் பக்கம் வழி தெரியாத கார். சித்தப்பாதான் முன்னின்று இலை போட்டார். குழம்பு, தொக்கு, வடை என்று ஒவ்வொன்றாகப் பரிமாறிவிட்டு, இலையின் நடுவில் நூடுல்ஸை வைத்து அதன்மேல் கறியைப் போட்டேன்.

"இன்னாம்மா இது, புழு மாதிரி கீது? எடுத்துடு" என்றார் சித்தப்பா.

"முடியாது சித்தப்பா."

"அப்பாவுக்குப் புடிச்சதுதான் வைக்கணும்னு தெரியாதா ஒனக்கு?" தம்பி குரலை உயர்த்தினான். "நான் அவரு புள்ளக்கா. எனக்குத் தெரியாதா அவருக்கு இன்னா புடிக்கும்னு?"

"எவனாவது இலையில கைய வச்சீங்கன்னா மொத்தத்தையும் சுருட்டி வெளிய வீசிடுவேன்" என்றேன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. படையல் நேரத்தில் சண்டை வேண்டாம் என்று முனகியபடி சித்தப்பா எல்லோரையும் வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

கதவைத் திறந்ததும் தம்பி இலைக்கு முன் உட்கார்ந்தான். கை நேராகக் குழம்புப் பக்கம் போனது.

"அதத் தின்னு மொதல்ல" என்று நூடுல்ஸைக் காட்டினேன்.

என்னை முறைத்துவிட்டு, தொலையட்டும் என்று ஒரு கை அள்ளி வாயில் போட்டான். மென்றான். முகம் மாறியது. "இது அந்த ஹோட்டல்ல சாப்புட்ட மாதிரியே கீது. எங்கக்கா கத்துக்கின?"

"அப்பாகிட்ட."

"அவருக்குத்தான் இது புடிக்காதே."

"புடிக்காது. ஒனக்குப் புடிக்கும்னு சொன்ன இல்ல, அதுக்காகக் கத்துக்கினாரு."

அவன் சித்தப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எனக்குத் தெரியவே தெரியாதேக்கா. எப்ப செஞ்சாரு?"

"நீ வர்றேன்னு சொன்ன வாட்டியெல்லாம்."

அவனுக்கு வாயிலிருந்தது இறங்கவில்லை. கை இலையிலேயே கிடக்க, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தான். சித்தப்பா என் தோளைத் தொட்டு, போதும் விடும்மா என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் அதை முழுக்கத் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன்.