நடந்து வந்த எல்லைக்கல்

நல்லெண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து வெயிலில் காய்ந்தால் ஒரு மணம் வரும். பாதி சமையற்கட்டு, பாதி கோயில். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை ஓரம் முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு கல்லிலிருந்து அந்த மணம் வந்துகொண்டே இருக்கும். ஊரார் அதற்கு "எல்லைக் கருப்பர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். செவ்வாய் வெள்ளிகளில் என் ஆத்தா, அதாவது என்னைப் பெற்றவள், அந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். நான் மஞ்சள் கரைத்த சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அது சர்க்கார் நட்ட கல் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? எல்லையில் நிற்பது காவல், காவல் நிற்பது சாமி. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தக் கல்லுக்குத் தெற்கே புதுக்கோட்டை சமஸ்தானம், எங்கள் வாயில் "தொண்டைமான் சீமை". வடக்கே வெள்ளைக்காரன் ஆண்ட திருச்சி ஜில்லா. கம்பெனி ஆட்சி போய் எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் பெரியவர்கள் மட்டும் அதைக் "கும்பினி" என்று சொல்வதை விடவில்லை. "கும்பினி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர், உலை கொதிப்பதற்குள் திரும்பிவிடுவார். சாம்ராஜ்யம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. அங்கே எவனாவது ஆட்டைத் திருடினால் ஓடிவந்து எங்கள் பக்கத்துக் கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவான். துரத்தி வந்த போலீஸ்காரர் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "எப்படியும் சோத்துக்கு வீட்டுக்கு வந்துதானடா ஆகணும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். தலைப்பாகையும் தடியுமாக வந்த ஒரு மனிதரை ஒரு முழக் கல் நிறுத்திவைக்கிறதென்றால் அது சாமியாகத்தான் இருக்கவேண்டும் என்று நானும் நம்பினேன்.

ஒரு தசராவுக்கு ஊர் ஆண்கள் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கரையடியில் கல் நின்ற பள்ளம் சேறாகி, கருப்பர் இடுப்பளவு சகதியில் நின்றார். ஊர்த்தலைவரான அம்பலகாரரின் மனைவிதான் முதலில் பேச்சை எடுத்தார். "நம்ம காஞ்ச எடத்துல படுத்துக்கிட்டு, சாமியச் சகதியில விட்டா வெளங்குவோமா?" என்றார். ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டால் என் ஆத்தா முடிக்காமல் விடமாட்டாள். ஐந்து பெண்கள், இரண்டு கடப்பாரை, ஒரு வடக்கயிறு. கல்லைப் பெயர்த்து, பச்சைப் பனைமட்டைகளைப் பரப்பி, அதன் மேல் படுக்கவைத்து இழுத்தார்கள். வழுக்குகிற இடத்தில் மட்டையை மாற்றி மாற்றிப் போட்டது நான். கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு விடுகிற மடையைத் தாண்டி, அதற்கு வடக்கே கரைமேட்டில் ஒரு வேம்பு இருந்தது. அதன் நிழலில் கருப்பரை நட்டார்கள். மேடும் நிழலும்தான் எங்கள் கண்ணில் பட்டன. இழுத்து வந்த வழியில் ஒரு மடையைத் தாண்டினோம் என்பது யார் புத்தியிலும் உறைக்கவில்லை.

கழுவித் துடைத்தபோது கல்லின் ஒரு பக்கத்தில் எழுத்துத் தெரிந்தது. அங்கிருந்தவர்களில் பள்ளிக்கூடம் போகிறவள் நான் ஒருத்திதான். படித்துப் பார்த்து, "பு" என்றேன். "'பு'ன்னா பூசைதான்" என்று அம்பலகாரர் வீட்டம்மா தீர்த்துச் சொன்னார். "பூசைக்கு நெடில் போடணுமே" என்றேன். "கல்லுல எடம் பத்தலடி, ரொம்பத்தான் வாத்திச்சியாட்டம்" என்றாள் ஆத்தா. அந்தப் பூசை எழுத்து சூரியனைப் பார்த்து இருக்கட்டும் என்று கிழக்கே பார்க்கத் திருப்பி நட்டார்கள்.

திரும்பி வந்த ஆண்கள் கல்லைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். எல்லாப் பெண்களும் தரையைப் பார்த்தபோது அம்பலகாரர் வீட்டம்மா மட்டும் தலையை நிமிர்த்தி, "கருப்பரு தானா நடந்து வந்துட்டாரு" என்றார். அம்பலகாரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டார். மனைவி சொன்னதை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டவர் அல்ல. இரண்டு பொங்கலுக்குள் அது ஊரே நம்புகிற அற்புதமாகிவிட்டது.

மழை பெய்த வருஷங்களில் எல்லை எங்கே என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊர் மேலப்பட்டி ஆளும் மடையைத் திறப்பான், எல்லைக்கு வடக்கே இருந்த கீழப்பட்டி ஆளும் திறப்பான். யுத்தம் தொடங்கியிருந்த ஒரு வருஷம் மழை பொய்த்தது. கண்மாயில் கிடந்த தண்ணீர் ஒரு ஊருக்குத்தான் காணும். நெல் பால் பிடிக்கிற நேரம். "ஒரே ஒரு தண்ணி" பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வைக்கோல். கீழப்பட்டிக்காரர்கள் மடையைத் திறக்க வந்தபோது எங்கள் ஆட்கள் வேம்படிக் கல்லைக் காட்டி, "மடை எங்க சீமைக்குள்ள இருக்கு, ஒங்க சட்டத்தை அங்கிட்டு வச்சுக்குங்க" என்றார்கள். இரண்டு மண்டை உடைந்தது. யார் மண்டையை யார் போலீஸ் விசாரிப்பது என்பதற்கே எல்லை எங்கே என்று தெரியவேண்டியிருந்தது. ஆகவே இரண்டு சர்க்காரிலிருந்தும் அதிகாரிகள் வந்து கரையில் கூடாரம் அடித்தார்கள்.

என் ஆத்தா அடைக்காயி பிறந்தது கீழப்பட்டியில். வாக்கப்பட்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. சண்டைக்குப் பிறகு அவள் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

சர்வேயர்கள் சங்கிலியை இழுத்து இழுத்து அளந்தார்கள். அளவு காகிதத்தோடு ஒத்துவரவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து அதிகாரி கொஞ்சம் வயதானவர், வெற்றிலை போடுகிறவர். கல்லில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "'பு' எழுத்து புதுக்கோட்டையைப் பார்த்து இருக்கணும். இந்தக் கல் சொல்றதைக் கேட்டா புதுக்கோட்டை கடலுக்குள்ள இல்ல இருக்கு!" என்றார். நான் ஆத்தாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். 'பு' என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"சாமி தானா நடந்து வந்துச்சுங்க" என்றார் அம்பலகாரர், கைகட்டி.

"சாமி நடக்கலாம் அம்பலகாரரே. எல்லை நடக்கக் கூடாதே."

கீழப்பட்டிக்காரர்கள், கருப்பர் முன்னால் சூடத்தை அணைத்து அம்பலகாரர் சத்தியம் செய்யட்டும், ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். கொளுத்திய சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல் பொய்யானால் குலம் தழைக்காது என்பது இரண்டு சீமைக்கும் பொதுவான சட்டம். அம்பலகாரர் சட்டென்று ஒத்துக்கொண்டார். அவர் பொய் சொல்லப் போகவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக நம்பிச் சொல்லப் போகிறார். அவர் மனைவி கூட்டத்தில் கல்லாய் நின்றார். கல்லை இழுத்த கைகள் ஐந்து ஜோடி அங்கே இருந்தன, மட்டை போட்ட என் கையும் இருந்தது. ஒரு வாயும் திறக்கவில்லை. என் வாயும்தான். பத்து வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நினைத்துத்தான் சும்மா இருந்தேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சூடம் எரியத் தொடங்கியதும் ஆத்தா முந்தானையை என் பிடியிலிருந்து உருவி இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போனாள்.

"வேணாங்க. அவுக கைய வைக்க வேணாம். நாங்கதான் இழுத்துட்டு வந்தோம். சகதியா இருந்துச்சுன்னு மேட்டுல வச்சோம்."

"நாங்கன்னா யார் யார்?" என்றார் அதிகாரி.

ஆத்தா ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தாங்க" என்றாள். அத்தனை பெரிய கல்லை ஒருத்தி இழுத்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்காமல் எழுதிக்கொண்டார். ஆத்தா கரையிறங்கிப் போய், புல் மூடிக்கிடந்த பழைய குழியைக் காலால் தடவிக் காட்டினாள். சங்கிலி அங்கே சரியாக வந்து முடிந்தது. புதுக் கல் ஒன்று அந்தக் குழியில் இறங்கியது. மடை கும்பினிக்குப் போனது.

அன்று சாயங்காலமே கீழப்பட்டிக்காரர்கள் அவர்கள் பக்கத்துப் போலீஸ் துணையோடு மடையைத் திறந்தார்கள். எங்கள் வயலை ஒட்டி ஓடிய வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று போவதை அப்பா வரப்பில் குந்தியிருந்து பார்த்தார். வாய்க்காலில் ஒரு மண்வெட்டி போட்டால் நம் வயலுக்குத் திரும்பிவிடும்; போட்டால் ஜெயில். பத்து நாளில் கதிர் பதரானது. அறுத்து மாட்டுக்குப் போட்டோம். "பொறந்த ஊருக்குத் தண்ணி கட்டிட்டா" என்றது ஊர். வீட்டுக்கு வந்த அப்பா அவளை ஏசவில்லை, கை நீட்டவில்லை. "கும்பினிக்காரி, சோத்தப் போடு" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து ஊர் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

அந்தக் கோடையில் என் தாய்மாமன் வண்டியில் இரண்டு மூட்டை நெல் கொண்டுவந்தார். ஆத்தா வண்டியை அவிழ்க்கவே விடவில்லை. "இந்த நெல்லை எறக்குனா ஊரு சொன்னது நெசமாயிரும்ண்ணே, திருப்பிக்கிட்டுப் போ" என்றாள். பசியில் எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கேப்பைக் கூழைக் கரைத்து எனக்கு ஊற்றிக்கொண்டே, "அந்த மனுசன் ஒண்ணுந் தெரியாம சூடத்துல கைய வைக்கிறாரு, பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று கேட்டாள். அதைத் தவிர அதைப் பற்றி அவள் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அம்பலகாரர் வீட்டம்மா கடைசிவரை அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஏழு வருஷம் போனது. வெள்ளைக்காரன் போனான். அடுத்து சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்தது. புதுக்கோட்டைக்குப் போயிருந்த அப்பா இருட்டுவதற்குள் திரும்பிவந்து, இலையின் முன் உட்கார்ந்து, ஊரார் நாலைந்து பேர் வாசலில் நிற்கும்போதே சேதியைச் சொன்னார். "எல்லையெல்லாம் எடுத்தாச்சாம். நாமளும் இனிமே திருச்சி ஜில்லாதானாம்."

ஆத்தா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப இன்னையிலேருந்து ஊருக்கே எம் பேருதானா?" என்றாள்.

வாசலில் நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா குழம்புச் சோற்றைத் தின்று முடித்தார். பிறகு, "அடைக்காயி, கொஞ்சம் மோர் ஊத்து" என்றார்.

போன வருஷம் என் மருமகள் காரில் அந்தக் கரைக்குக் கூட்டிப்போனாள். அதிகாரிகள் நட்ட புதுக் கல்லை ரோடு போட்டபோது உடைத்து ஜல்லியோடு சேர்த்துவிட்டார்களாம். மடைக்கு இப்போது இரும்புக் கதவு. திறக்கச் சொல்கிற உத்தரவு எங்கேயோ ஒரு அலுவலகத்திலிருந்து வருகிறது. இரண்டு ஊரும் ஒரே யூனியன், ஒரே பஸ், தண்ணீர் குறைந்தால் ஒரே சண்டை. நான் பழைய கதையைச் சொல்லிவந்தபோது மருமகள் இடைமறித்து, "கும்பினின்னா எந்தக் கம்பெனி அத்தை?" என்று கேட்டாள். பழைய சொற்கள் மறைந்துபோவதைப் பற்றி எல்லாரும் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். இந்த ஒரு சொல் மறைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஏழு வருஷம் அதைச் சொல்லித்தான் என் ஆத்தாவைக் கூப்பிட்டார்கள்.