அவள் நாற்காலியில் ஒரு மழைக்காலம்

என் தோழி ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டதால்தான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், கீழே கிளினிக், மேலே வீடு என்று இருப்பவள் அவள். குடும்ப மருத்துவர். நான் மேடவாக்கம் தாண்டி ஒரு பெரிய மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. விளக்கை மங்கலாக வைத்த அறை, எப்போதும் குளிர், தோளில் ஒரு சால்வை, எதிரே இரண்டு திரைகள். படங்கள் வரும், போகும். ஆட்கள் வரமாட்டார்கள்.

அவள் விழுந்த மூன்றாம் நாள் மாலை போனில் சொன்னாள்: "பிளேட் வெச்சிருக்காங்கடி. கால ஊனக் கூடாதாம். மழை ஆரம்பிச்சிடுச்சு, தெரு முழுக்க ஜுரம். கிளினிக்க மூடினா இவங்க எங்க போவாங்க?"

"யாராவது ஜூனியரக் கேட்டியா?"

"கேட்டேன். எல்லாரும் என்ட்ரன்ஸுக்குப் படிக்கறாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீ வாயேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் எம்பிபிஎஸ் படித்தோம். நான் இரும்புலியூர், அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். அவள் அப்போது கிழக்குத் தாம்பரத்தில் இருந்தாள். சனிக்கிழமை மதியம் ஹாஸ்டலிலிருந்து மின்சார ரயிலில் ஒன்றாக வருவோம். சேர்ந்து ஒரு கிளினிக் வைக்க வேண்டும் என்று அந்த ரயிலில்தான் பேச ஆரம்பித்தோம். நடுவில் கதவு வைத்த இரண்டு அறைகள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் என் கதவைத் தட்டுவாள், எனக்கு வந்தால் நான் தட்டுவேன். வாசலில் செருப்புகள் கிடக்க வேண்டும், நிறைய. பல்லாவரம் வருவதற்குள் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பது வரைக்கும் போய்விடுவோம்.

கடைசி வருடத்தில், மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வு நெருங்கியதும், பேச்சு மாறியது. எங்கள் வகுப்பில் யாரும் யாரையும் "என்ன மாதிரி டாக்டர் ஆகப் போற?" என்று கேட்டதில்லை. "ரேங்க் என்ன வரும்?" என்றுதான் கேட்டோம். ரேங்க் வந்ததும் அதற்கு எது கிடைக்குமோ அதுதான் நம் ஆசை என்று ஆகிவிட்டது. எனக்கு யாரும் எதிர்பாராத அளவுக்கு நல்ல ரேங்க். ரேடியாலஜி கிடைக்கும் என்றார்கள். கிடைக்கிற ரேடியாலஜியை யாராவது விடுவார்களா? அப்பா ஜெபம் செய்து நன்றி சொன்னார். அம்மா சர்ச்சில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு நானும் அதையே எடுத்தேன்.

ஆனால் அவர்களுக்காக மட்டும் எடுத்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குப் பயமும் இருந்தது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓ.பி.யில் வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பேன். இவர்களில் யாருக்கு வெறும் இருமல், யாருக்கு வேறு ஏதோ என்று ஒரே பார்வையில் பிரிக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொண்டு ஒரு மனிதனை முழுசாகப் பொறுப்பேற்பதைவிட, ஒன்றே ஒன்றை முழுசாகத் தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் பதில் சொல்வது பாதுகாப்பாகத் தெரிந்தது.

அவளுக்குக் குழந்தைகள் மருத்துவமே கிடைத்திருக்கும். அவள் குடும்ப மருத்துவம் எடுத்தாள். எங்கள் பேராசிரியர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "வேற எதுவும் கிடைக்காதவங்க எடுக்கறதும்மா அது" என்றார். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தார், "ஃபேமிலி மெடிசின்னா? இந்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எல்லாம் பண்ணுவாங்களே, அதுவாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்தாளாம். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. இதை அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு, அந்த இரண்டு அறைகளில் ஒன்றில் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று தோன்றும்.

எங்கள் மருத்துவமனையில் அனுமதி வாங்கிக்கொண்டு மாலை வேளைகளில் போக ஆரம்பித்தேன். என் பழைய ஸ்டெதாஸ்கோப்பின் குழாய் இறுகிப்போய் வெடித்திருந்தது, புதிது வாங்கினேன். முதல் நாள் மாடியில் ஏறி அவள் கட்டில் ஓரம் நின்று, "பயமா இருக்குடி" என்றேன்.

காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தவள், "பயம் இருந்தா நல்லதுதான். சந்தேகம்னா போன் பண்ணு. ரொம்ப சந்தேகம்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு. அப்புறம், யாரையும் அவசரமா எழுப்பி அனுப்பாத" என்றாள்.

கடைசியாகச் சொன்னது எனக்குப் புரியவில்லை. சில நாட்களில் புரிந்தது. வந்தவர்கள் ஒன்றைச் சொல்வார்கள், மருந்துச் சீட்டு வாங்கிக்கொள்வார்கள், எழுந்து கதவு வரைக்கும் போவார்கள். கைப்பிடியைப் பிடித்தபடி, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு" என்பார்கள். வந்ததே அந்த இன்னொன்றுக்காகத்தான்.

முழங்கால் வலி என்று ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் அம்மாவுக்குத் தெரிந்தவராம். என்னை உற்றுப் பார்த்து, "நீ டீச்சரம்மா பொண்ணு இல்ல? பெரிய ஸ்பெஷலிஸ்ட்டுன்னு சொன்னாங்களே, இங்க ஏன் உட்கார்ந்திருக்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அரைகுறையாக நம்பினார். முழங்காலுக்கு எழுதிக் கொடுத்தேன். கதவருகே நின்றார்.

"படுத்தா மூச்சு வாங்குதும்மா. ரெண்டு தலையணை வெச்சாத்தான் தூக்கம் வருது. வயசாயிடுச்சில்ல, அதனாலதானே?"

"வயசு இல்ல ஆன்ட்டி. வந்து உட்காருங்க."

கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. புது ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தபோது, நுரையீரலின் அடியில் ஈரமான சத்தம். இதயம் களைத்துப்போயிருக்கிறது. இந்தச் சத்தத்தை நான் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. இதே விஷயத்தைப் படத்தில் தினம் பார்க்கிறேன். வெள்ளையாக, புகை படிந்தது போல இருக்கும். அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதையே மறந்திருந்தேன். அவர் மகனை வரவழைத்து, அன்றைக்கே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். பத்து நாள் போல ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், ஒரே தலையணையில் தூங்குவதாகச் சொல்லிவிட்டுப் போக மட்டும் வந்தார். ஊசி இல்லை, சீட்டு இல்லை. சும்மா சொல்ல வந்தார். என் வேலையில் அப்படி ஒருவரும் வந்ததில்லை.

என் அம்மாவுக்கு மட்டும் சங்கடம். "சர்ச்சுல கேக்கறாங்கடி, அவளுக்கு வேலை போயிடுச்சான்னு" என்றாள்.

"போகலம்மா. சாயந்திரம் மட்டும்தான்."

"அதத்தான் நானும் சொன்னேன். அப்படியான்னு ஒரு மாதிரியா தலைய ஆட்றாங்க."

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் தண்ணீர் லாரி ஓட்டுபவர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மனைவியும் கூட. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்கள் மருத்துவமனையின் கவர்.

"வவுறு வலின்னு போனேன் மேடம். கிட்னில கல்லுன்னு ஸ்கேன் எடுத்தாங்கோ. கல்லு தானா பூட்சி. ஆனா இதுல வேற இன்னாவோ எழுதிகீதாம். பொண்ணு படிச்சிட்டு லிவர்ல கட்டின்னு சொல்லுது. போன்ல போட்டுப் பாத்தா இன்னா இன்னாவோ காட்டுது."

மனைவி, "ஒரு வாரமா சோறு எறங்கல மேடம். வண்டி எடுக்கறதில்ல. புள்ளைங்கள ஒக்கார வெச்சி, அம்மாவ நல்லா பாத்துக்கோங்கன்னு சொல்லிகினு கீறாரு" என்றாள்.

ரிப்போர்ட்டை விரித்தேன். கல்லீரலின் வலப்பக்கம் சிறிய ரத்தக்குழாய்க் கட்டி. அதற்குக் கீழே, நாங்கள் எல்லா ரிப்போர்ட்டிலும் எழுதும் வரி: நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும். அதற்கும் கீழே என் கையெழுத்து.

அந்தப் படம் எனக்கு நினைவிருந்தது. ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றிய மருந்து கட்டியின் ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே நிறைந்த விதம். ஒரு சந்தேகமும் வேண்டாத படம். பார்த்தேன், எழுதினேன், அடுத்ததைத் திறந்தேன். அந்தப் படத்துக்கு இப்படி ஒரு முகம், காக்கிச் சட்டை, பக்கத்தில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனைவி எல்லாம் உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அண்ணா, இது கேன்சர் இல்ல" என்று முதலில் சொன்னேன். "ரத்தக்குழாய் சின்னதா சுருண்டு முடிச்சு மாதிரி கிடக்கு, அவ்வளவுதான். தோல்ல மச்சம் இருக்கில்ல, அது மாதிரி உள்ள இருக்கற ஒண்ணு. நிறைய பேருக்கு இருக்கும். இது உங்கள ஒண்ணும் பண்ணாது."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னை. "நெஜமாவா மேடம்? மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

"நிஜமா. இந்த ரிப்போர்ட்ட எழுதினதே நான்தான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கையெழுத்தைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்: "அப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா? நானும் அங்கதான் பெஞ்சுல குந்திகினு இருந்தேன். ஒரு வார்த்த வெளிய வந்து சொல்லிருந்தா பேஜாரே இல்லையே மேடம்."

அவரைப் படுக்கச் சொல்லி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குத் தேவையே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் விலாவுக்குக் கீழே கையை வைத்து, மூச்சை இழுத்துவிடச் சொன்னேன். அவர் இழுத்துவிட்டார். மனைவி அழ ஆரம்பித்தாள். போகும்போது அவர், "நாளைக்கி வண்டி எடுக்கலாமா?" என்றார். எடுக்கலாம் என்றேன்.

அவர்கள் போனதும் மாடிக்குப் போய்த் தோழியிடம் சொன்னேன். அவள் நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டாள். அவள் வீட்டு ஜன்னலிலிருந்து ஏரி தெரியும். மழையில் நிரம்பி, ஆகாயத்தாமரை ஓரமாக ஒதுங்கியிருந்தது.

"இங்கயே இருந்திடேன்" என்றாள். "பக்கத்துக் கடை காலியாகுது. நடுச் சுவர இடிச்சா ரெண்டு ரூம் வரும்."

அவள் சொன்னதும் எனக்குள் ஒன்று எழுந்து நின்றது. எவ்வளவு காலமாக அது உட்கார்ந்தே இருந்தது என்று எனக்கே தெரியாது. வீட்டில் பேசினேன். கணவர் நல்லவர், கத்தவில்லை. "இத்தன வருஷம் படிச்சத விட்டுட்டா?" என்று மட்டும் கேட்டார். துறைத் தலைவர், மாலையில் போவதை இனி நிறுத்திக்கொள்ளச் சொன்னார். மகனுக்குப் பரீட்சை வந்தது. தோழி ஊன்றுகோலோடு கீழே இறங்கி வந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து, "வந்துட்டீங்களா!" என்று எழுந்து நின்றார்கள். நான் பையை எடுத்துக்கொண்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. அப்படியே முடிந்தது.

அடுத்த ஆண்டு அவள் ஒரு சின்னப் பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எம்பிபிஎஸ் முடித்தவள். கெட்டிக்காரி, குழந்தைகள் அவளிடம் அழாமல் வாயைத் திறந்து காட்டுமாம். ஒரு ஞாயிறு நான் போயிருந்தபோது அந்தப் பெண் தனியாக என்னிடம் வந்தாள்.

"மேம், எனக்கு ரேடியாலஜி வரும்போல இருக்கு. எடுக்கலாமா?"

"உனக்கு இங்க பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்குது மேம். ஆனா பிடிக்குதுங்கறதுக்காக..." என்று இழுத்தாள். "வீட்டுல கேப்பாங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒண்ணொண்ணு எடுத்திருக்காங்க. நான் மட்டும் ஜுரத்துக்கு மாத்திரை எழுதிக்கிட்டு இருந்தா..."

எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை நல்ல வேலை, சாயந்திரம் வீட்டுக்குப் போகலாம், மரியாதை இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். "ஆனா உன்னத் தேடி யாரும் வரமாட்டாங்க. சில பேருக்கு அது ஒரு பொருட்டே இல்ல. உனக்கு எப்படின்னு யோசிச்சுக்கோ" என்றேன். அவள் தலையாட்டினாள். எந்த அளவுக்குப் புரிந்ததோ தெரியாது. அந்த வயதில் எனக்குப் புரிந்திருக்காது. சில மாதங்களில் ரேடியாலஜியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இனிப்பு அனுப்பியிருந்தாள்.

போன வாரம் தோழி போன் செய்தாள். பக்கத்துக் கடையில் அதற்கப்புறம் வந்து மொபைல் ரிப்பேர் வைத்திருந்தவரும் காலி செய்துவிட்டாராம். மறுபடியும் கேட்டாள்.

"பார்க்கலாம்டி" என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. பின்னால் யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்தும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் கேட்டன. "வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் கூட்டம் ஜாஸ்தி. அன்னிக்காவது வாயேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.