சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம், ஐப்பசி மழை பிடிக்காமல் ஏமாற்றிய சமயத்தில், விஷக்காய்ச்சல் ஆம்பூருக்கு வந்தது. நான் அப்போது மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. பள்ளிக்கூடம் விட்டதும் பங்களாவுக்குப் போய், கடல் கடந்து வந்திருந்த இரண்டு பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். என்னை அவர்கள் முன்ஷியம்மா என்று கூப்பிடுவார்கள்.

ஒருவர் அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்குப் படித்தவர். நெடுநெடுவென்று உயரம், சிரிப்பது அபூர்வம். இன்னொருத்தி டென்மார்க்கிலிருந்து வந்த சின்னப் பெண். பள்ளிக்கூடம் நடத்த வந்தவள், ஆனால் அவளே பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருப்பாள். தமிழ்ப் பரீட்சை தேறும்வரை இரண்டு பேருக்கும் வேலை எதுவும் தரமாட்டார்கள். அதுவரை அவர்கள் மாணவிகள்தான்.

பங்களா பெரியம்மாவின் பொறுப்பில் இருந்தது. பெரியம்மா என்று நாங்கள் சொன்னது மூத்த துரைசானியை. தாய் தகப்பன் இல்லாத என்னைப் போர்டிங்கில் சேர்த்து வளர்த்தவர் அவர். அவர் சொல்லை மறுத்து எனக்குப் பழக்கமில்லை.

கடைத்தெருவில் இரண்டு மூன்று சாவு விழுந்ததும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"வெளியே போய் வருகிற ஆள் ஒருத்தரும் இனிமேல் உள்ளே வரக்கூடாது. நீ இங்கேயே தங்கிவிடு. ஒரு வாரந்தான் பொண்ணே. இந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை கிட்டே வந்துவிட்டது."

வீட்டில் போய்ச் சொன்னபோது என் புருஷன் கிடங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் தோல் பதனிடும் கிடங்கில் மேஸ்திரி. ஆட்கள் ஒவ்வொருவராகப் படுத்துக்கொண்டிருந்த கவலை அவருக்கு. என் நாத்தனார்தான் பேசினார். என் புருஷனுக்கு மூத்தவர், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷனை இழந்தபின் எங்களோடு இருந்தவர்.

"போம்மா. உள்ள இருந்தா நீயாவது நல்லா இருப்பே. கொழந்தைய நான் பாத்துக்கறேன்."

குழந்தைக்கு மூன்று வயது. அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டேன்.

பங்களாவைச் சுற்றி உயரமான மதில், மேலே கண்ணாடிச் சில்லு. இரும்புக் கதவுக்குப் பெரியம்மா பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கதவுக்கு வெளியே பத்தடி தள்ளி நர்ஸ் தன் கையாலேயே சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்தார். யார் வந்தாலும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நிற்கவேண்டும்.

உள்ளே எல்லாம் நர்ஸின் சட்டம். எதைத் தொட்டாலும் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். எங்கள் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போயிற்று. காலையிலும் மாலையிலும் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு, நாக்குக்கடியில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு பேசாமல் உட்காரவேண்டும். கீரையும் கொத்தமல்லியும் ஊதா மருந்துத் தண்ணீரில் முங்கி எழுந்த பிறகுதான் அடுப்படிக்குப் போகும். டென்மார்க்கிலிருந்து வந்த கடிதத்தைக்கூடக் கந்தகப் புகையில் காட்டித்தான் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, முகத்தைச் சுளித்தாள். வீட்டு வாசனை வரும் என்று பார்த்தாளோ என்னவோ.

"கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். தொண்டை நோயில் போனாள். நான் பக்கத்துக் கட்டில்" என்று ஒருநாள் நர்ஸ் எனக்குச் சொன்னார். அதற்கப்புறம் எனக்கு அவரிடம் சண்டை போட வாய் வரவில்லை.

பாடம் வராந்தாவில் நடந்தது. மூன்று நாற்காலி, மூன்று மூலை. மூன்று பேர் முகத்திலும் நாலாக மடித்த மெல்லிய துணி. ழகரம் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்து நாக்கைக் காட்டவேண்டும். துணியை எடுக்க நர்ஸ் விடமாட்டார். நான் கையை வளைத்து, இது நாக்கு, இது மேலண்ணம் என்று காட்டுவேன். டேனிஷ் பெண் அதைப் பார்த்துவிட்டுத் துணிக்குள்ளேயே ஏதோ செய்வாள். வருவது ழவா ளவா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

பாடப்புத்தகத்தில் இருந்த ராஜாவும் மந்திரியும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. காய்ச்சலுக்கு என்ன சொல், சளிக்கு என்ன, மூச்சு வாங்குவதை எப்படிச் சொல்வது என்றே கேட்டார்கள். இரண்டு பேருக்கும் முதன்முதலில் பிசகில்லாமல் வாயில் வந்த தமிழ் 'கிட்ட வராதீங்க' என்பதுதான்.

என் புருஷன் காலையில் குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கோட்டுக்கு அப்பால் வந்து நிற்பார். நான் கதவுக்கு உள்ளே நிற்பேன். குழந்தை முதல் நாள் சிரித்தாள். அப்புறம் ஒருநாள் தோளிலிருந்து நழுவி இறங்கி ஓடிவந்துவிட்டாள். கம்பிக்குள் கையை விட்டு, "அம்மா, தூக்கு" என்றாள். நான் குனிவதற்குள் பின்னாலிருந்து நர்ஸின் குரல், "கிட்ட வராதீங்க!" அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு. குழந்தை பயந்து வீரிட்டாள். என் புருஷன் ஓடிவந்து அவளை வாரிக்கொண்டு போனார். கம்பியில் அவள் பிடித்த இடத்தை நர்ஸ் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு வாரம் என்றது இரண்டு வாரமாயிற்று. எங்களோடு உள்ளே மாட்டிக்கொண்ட இன்னொருவர் சமையல்காரர். அவர் குடும்பம் வாணியம்பாடியில். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே புலம்புவார். "இது இன்னா பேஜாரும்மா. ஜெயில்ல இருந்தாக்கூட மாசத்துக்கு ஒரு தபா பாக்க உடுவான்."

அப்புறம் ஒருநாள் என் புருஷன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

காற்று கிடங்குப் பக்கமிருந்து வீசியது. ஊறல் குழியில் தோலைப் புரட்ட ஆளில்லை என்று அந்த நாற்றத்திலேயே தெரிந்தது. தோல் நாற்றத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று. இது வேறு. இது அழுகல். எப்பேர்ப்பட்ட அவசரத்திலும் குழியைக் கைவிடாதவர் என் புருஷன்.

பெரியம்மாவிடம் போனேன். "கதவைத் திறங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

"உன்னை அனுப்பி, உனக்கு ஏதாவது ஆனால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்?"

"எனக்கு நானே பதில் சொல்லிக்கறேன்."

என் வாழ்க்கையில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் முகம் சிவந்தது. சாவியைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மதிலைச் சுற்றி நடந்தேன். கிணற்றடி, கொய்யாமரம், கோழிக்கூண்டு, மறுபடி கதவு. மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி சுற்றினேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ரோடு இருந்தது. ரோட்டில் ஆளே இல்லை.

மறுநாள் காலை டேனிஷ் பெண் சாப்பாட்டு மேஜைக்கு வந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. கண்ணாடிக் குழாயைப் பார்த்த நர்ஸ் அதை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மத்தியானத்துக்குள் அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாரித்துவிட்டது. நானும் நர்ஸுமாகத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தோம். அவள் வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

அது எப்படி உள்ளே வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பால் செம்போ, தபாலோ, காற்றோ. நர்ஸ் வராந்தாப் படியில் உட்கார்ந்து தன் வெடித்த கைகளையே பார்த்தார். "எங்கே தப்பு, முன்ஷியம்மா? எங்கே?" என்று தமிழில் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று அவர் தள்ளிப்போகச் சொல்லவில்லை.

சாயங்காலம் பெரியம்மா இரும்புக் கதவைத் திறந்துவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இனி பூட்டி என்ன பயன்? உன் இஷ்டம்."

நான் அதைத் தொடவில்லை. நாள் முழுக்க அந்தப் பெண்ணின் மூச்சு என் முகத்தில் பட்டிருக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டுபோய் மூன்று வயதுக் குழந்தையின் பக்கத்தில் படுப்பதா? கதவு திறந்து கிடந்தது. என்னால்தான் தாண்ட முடியவில்லை. பூட்டியிருந்தபோது திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்தார்.

ஊரில் கஞ்சி ஊற்றவும் மருந்து கொடுக்கவும் ஆள் போதவில்லை. மறுநாள் காலை நர்ஸ் பரீட்சை தேறாமலே வேலைக்கு இறங்கினார். கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆவாரம்பட்டைக் கிடங்குக்குப் பின்னால் பச்சைக் கதவு, பக்கத்தில் தோல் வியாபாரி வீடு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தெருவில் நின்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்."

அவர் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. துணியைக் கழற்றாமலே, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "முன்ஷியம்மா. உங்கள் புருஷன் இறந்தார்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திகைத்துப்போனார். துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

"இல்லை! இல்லை! இருந்தார். இ-ரு-ந்-தார். படுத்து இருந்தார். கண் திறந்தார். நான் கொடுத்தேன், தண்ணீர் குடித்தார்."

"கொழந்தை?"

"பக்கத்து வீட்டில். விளையாடினாள். நல்லாய் விளையாடினாள்."

"எங்க அக்கா? பெரியவங்க ஒருத்தர் இருப்பாங்களே?"

'இறந்தார்' என்ற வார்த்தையை நர்ஸால் இனி வாயில் எடுக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

காய்ச்சல் என் வீட்டுக்கு எனக்கு முன்பே போய்விட்டது. நான் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை. உள்ளே போய் டேனிஷ் பெண்ணைப் பார்த்தேன். மூச்சு சீராக இல்லாவிட்டாலும் கண் என்னை அடையாளம் கண்டுகொண்டது. "போங்க" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. நான் போய்விட்டேன்.

என் புருஷன் பாயில் சுருண்டு கிடந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தார். "அக்கா போய்ட்டா" என்றார். "என்னைப் பாத்துக்கினே இருந்தவ, திடீர்னு கீழ உக்காந்தா. தூக்கிட்டுப் போறதுக்குக்கூட ஆள் கெடைக்கல." கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் நாலு பேரோடு வைத்தார்களாம். எந்த மூலை என்று அவருக்குத் தெரியவில்லை.

குழந்தையைத் தேடித் தோல் வியாபாரி வீட்டுச் சுவரோரம் போனேன். அந்த வீட்டு பீவியம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசினார்.

"வந்துட்டியா? கொழந்தை எங்கிட்ட இருக்குது. அல்லா புண்ணியத்துல ஒண்ணும் இல்ல. ஆனா நீ இப்போ வராதே. ஊட்டுக்காரரு எழுந்து உக்காரட்டும், உனக்கும் ஒண்ணும் இல்லேன்னு ஆவட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போ. நான் சொல்றது தப்பா?"

தப்பில்லை. குழந்தையைக் கூப்பிட்டால் அடம்பிடிப்பாள் என்று குரல்கூடக் கொடுக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கஞ்சி வைத்தேன், துணி அவித்தேன், அவரைப் புரட்டிப் படுக்கவைத்தேன். அந்தப் பக்கம் அவள் பீவியம்மாவின் கோழிகளை உருதுவில் விரட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காய்ச்சல் வரவேயில்லை. ஏன் வரவில்லை என்றும் யாருக்கும் தெரியாது. டேனிஷ் பெண் பிழைத்தாள். ஒரு காது மட்டும் மந்தமாகிவிட்டது. மலைக்கு அனுப்பி உடம்பைத் தேற்றி, அடுத்த வருஷம் பரீட்சை எழுதவைத்தார்கள். சமையல்காரர் வாணியம்பாடிக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் வீட்டில் யார் மிஞ்சினார்கள் என்று கேட்டனுப்பியும் பதில் இல்லை. பெரியம்மாவும் நானும் அந்தச் சாவியைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொண்டதேயில்லை.

என் புருஷன் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு பீவியம்மா குழந்தைக்குத் தலைவாரிப் பூ வைத்து அழைத்துவந்தார். அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள். சமையல்கட்டில் பார்த்தாள், பின்கட்டில் பார்த்தாள், பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"அத்தே எங்க?" என்றாள் அப்பாவிடம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.